நல்லசிவம் வண்டியின் மஞ்சள் விளக்கு

நல்லசிவம் வண்டியை விட்டு இறங்கிய தினுசிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்போதும் இறங்கியவுடன் "ஏனுங்க அம்மணி, நல்லாருக்கறீங்களா?" என்று கேட்கிற மனுஷன், அன்று ஒன்றும் கேட்கவில்லை. சாவியை பானெட்டின் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் ஷெட் வாசலில் கிடந்த லாரி டயரின் மேல் போய் உட்கார்ந்தார்.

கதவைத் திறந்து, சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தேன். இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. நான்காவது முறை.

"மறுக்காவும் வந்துருச்சுங்களாண்ணா?"

"வந்துருச்சுங்க. நானும் பொறுத்துப் பாத்துட்டனுங்க அம்மணி. இன்னொருக்கா எரிஞ்சுதுன்னா, நீங்க பூட்டுன டர்போ, பைப்பு அல்லாத்தையும் கழட்டிப்போட்டு, பழைய கம்பெனிச் சாமானையே பூட்டிக் குடுத்துருங்க. நான் சண்டைக்கு வரலீங்க. ஆனா நாலு பேரு முன்னால என்னால முழிக்க முடியல."

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். சண்டை எனக்குக் கை வந்த கலை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னதைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை.

கோபக்காரியும் ஷெட்டும்

இந்தத் தொடரில் போன வாரம், ஒரு லாரி டிரைவர் மேல் நான் ஸ்பேனரை வீசிய கதையை எழுதியிருந்தேன். "இத்தனை கோபம் ஆகுமா அம்மா?" என்று ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ஆகாதுதான். ஆனால் அந்த டிரைவர் என் ஷெட்டுக்குள் வந்து, என்னைப் பார்த்தே "மெக்கானிக்கு எங்கம்மா?" என்று மூன்று தடவை கேட்டான். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டேன் என்பதையும் அந்த வாசகி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஷெட் என்றா சொன்னேன்? அது என் ஷெட் இல்லை. என் அண்ணன் குமரேசனுடையது. ராசிபுரத்தில் அவன் நடத்தும் லாரி உதிரி பாகக் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட இடம். டயர் அடுக்கத்தான் கட்டினான். நான் அடம்பிடித்து வாங்கினேன்.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் கார் இன்ஜினைப் பிரித்துப் பெரிய டர்போ போடுவதெல்லாம் கோயம்புத்தூர்க்காரர்கள் வேலை, ராசிபுரத்தில் யார் வரப்போகிறார்கள் என்பது அவன் கட்சி.

"இதா பாரு புள்ள, நல்லசிவம் கார் ஒண்ணு நல்லபடியா ஓடுனா ஷெட்டு உனக்கு. இல்லீன்னா நான் டயரை அடுக்கிக்கறேன், நீ கடைக்கு வந்து பில்லு போடு" என்று சொல்லிவிட்டான். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

ஆக, அந்த மஞ்சள் விளக்கு ஐந்தாம் முறை எரிந்தால் நான் பில் போடப் போக வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. பில் போடுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்காது.

கம்ப்ரசர் கேட்டுப் பழகிய காது

நல்லசிவம் வெண்ணந்தூர்க்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். இருபத்தைந்து வருஷம் அந்த வண்டிகளின் பின்னால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, இப்போதுதான் ஊரோடு உட்கார்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அந்த வயதில் பேரன் பேத்திக்குப் பொம்மைக் கார் வாங்குவார்கள். இவர் தனக்கே வாங்கிக்கொண்டார்.

அது சின்ன பெட்ரோல் கார், டர்போ வைத்தது. டர்போ என்றால் வேறொன்றுமில்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும்; அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். ரிக் வண்டியில் கம்ப்ரசர் செய்கிற வேலைக்குத் தம்பி முறை.

"அம்மணி, கம்ப்ரசர் காத்துப் புடிக்கறப்ப 'உய்ய்ய்'னு ஒரு சத்தம் வருமுங்க. அது இல்லாம எனக்குத் தூக்கமே வாரதில்ல. இந்தக் கார்ல அந்தச் சத்தம் வர வெக்கோணும்" என்றார் முதல் நாள்.

எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துப்போய்விட்டது. பெரிய டர்போ போட்டேன். பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, கூம்பு மாதிரி இருக்கும் சிவப்புத் துணி ஃபில்டரை வைத்தேன். லேப்டாப்பை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரில் எல்லாக் கணக்கையும் மாற்றி எழுதினேன். வண்டி சேலம் பைபாஸில் உறுமிக்கொண்டு போனபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்து வண்டி செய்யலாம்.

அவருடைய சிநேகிதர்கள், மூன்று ரிக் முதலாளிகள், அதே மாதிரி கார் வைத்திருந்தார்கள். "முதல்ல உம்பட வண்டி ஓடட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று காத்திருந்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும். மஞ்சள் விளக்கு வந்தது.

சாம்பிராணிப் புகை

ஸ்கேனரை மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே குறைதான் சொன்னது: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒழுகலை. எங்கேயோ ஒரு பைப்பில் கள்ளக்காற்று உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்.

முதல் முறை, பைப்புகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாவற்றையும் மாற்றினேன். விளக்கு அணைந்தது. வெற்றி என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன். அணைந்தது. மறுபடியும் பீற்றல். அதற்கடுத்த மாதமும் வந்தது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். அணைந்தது. அப்போது பீற்றவில்லை, கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

நான்காம் முறைதான் சாம்பிராணி போட்டேன். சிரிக்காதீர்கள். பெரிய ஊர்களில் ஒழுகல் கண்டுபிடிக்கப் புகை விடும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இல்லை. பெயின்ட் டப்பாவில் தணல் போட்டு, சாம்பிராணியைத் தூவி, மெதுவான காற்றோடு அந்தப் புகையை டர்போ பைப்புக்குள் விட்டேன். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வரும்.

எங்கேயும் வரவில்லை. ஷெட் முழுக்க வெள்ளிக்கிழமை வாசம் வந்ததுதான் மிச்சம்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "என்ன புள்ள, வண்டிக்குக் காத்துக் கருப்பு ஓட்டறயா?"

"ஆமா, அடுத்து உனக்குத்தான் ஓட்டப் போறேன்."

"கோவிச்சுக்காத. லாரிக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா? அந்த லைட்டு மேல கறுப்பு டேப்பை ஒட்டீட்டு போயிட்டே இருப்பான். ஒட்டிக் குடுத்துரு, சோலி முடிஞ்சுது."

பெயின்ட் டப்பாவைத் தூக்கினேன். தணல் இருந்ததால் கீழே வைத்தேன். அவன் பிழைத்தான்.

நல்லசிவத்திடம் நான் கேட்காத கேள்வி இல்லை. எந்த பங்க்கில் பெட்ரோல் போட்டீர்கள், மழையில் ஓட்டினீர்களா, வேறு யாராவது இன்ஜினைத் தொட்டார்களா? கடைசிக் கேள்வியை நான்கு முறையும் கேட்டேன். நான்கு முறையும் அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: "உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா தொடலீங்க அம்மணி."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விளக்கு வந்த தேதி, ஓடிய தூரம், வெயிலா மழையா என்பது வரைக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு மாதம் நெடுந்தூரம் ஓடிய பிறகு வந்தது. இன்னொரு மாதம் வண்டி ஊரைத் தாண்டவே இல்லை, அப்போதும் வந்தது.

சரசக்கா சொன்ன கெரகம்

ஒன்றும் கண்டுபிடிக்காமல், எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி, விளக்கை அழித்துவிட்டு, நானே வண்டியை வெண்ணந்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நல்லசிவம் வெளியே போயிருந்தார். அவர் மனைவி சரசக்கா மோர் கொடுத்தார்.

"நீ ஏஞ்சாமி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கற? நீ என்ன பண்ணுவ? அந்த வண்டிக்குக் கெரகம். அமாவாசை கழிஞ்சா நாலு நாள்ல புடிச்சுக்குது."

எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. படித்து, லேப்டாப் வைத்து, வயர் வயராகப் பார்த்து வேலை செய்கிறவளிடம் அமாவாசையாம், கெரகமாம்! மோர் குடித்த மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பொருமல். சரசக்கா சொன்னது தப்பு என்று நிரூபித்து, அடுத்த முறை அவரிடமே காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நேராக அண்ணன் கடைக்குள் போனேன். சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருக்குமே, அந்த மாதிரிக் காலண்டர். நோட்டைப் பிரித்து, தாள் தாளாகத் தூக்கிப் பார்த்தேன்.

முதல் முறை: கறுப்பு வட்டத்திலிருந்து நான்காம் நாள். இரண்டாம் முறை: ஐந்தாம் நாள். மூன்றாவது: நான்கு. நான்காவது: நான்கு.

நாலு தேதியையும் மறுபடி எண்ணினேன். அண்ணன் என்னவோ கேட்டான், காதில் விழவில்லை.

நிலாவுக்கும் காருக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. அமாவாசை இன்ஜினுக்குத் தெரியாது. மனுஷருக்குத்தான் தெரியும். அப்படியானால் அன்றைக்கு மனுஷர் என்ன செய்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பூஜை நாள். லாரியோ ரிக்கோ, கழுவிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டுவார்கள். பட்டறைக்கு லீவு. நானும் அன்று ஷெட்டை மூடிவிட்டு, என் கம்ப்ரசருக்கும் ஸ்பேனர்களுக்கும் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள்தான். அதனால்தான் அன்று வேறெங்கும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

அடுத்த அமாவாசைக்கு மூன்று வாரம் இருந்தது. நான் எப்படிப் பொறுத்தேன் என்று கேட்காதீர்கள். அண்ணனைக் கேளுங்கள், அவன்தான் பட்டான்.

எண்ணெய்க் காப்பு

அமாவாசை அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வெண்ணந்தூர் போய் நின்றேன். ரிக் வண்டி குளித்து முடித்து மாலை போட்டிருந்தது. பக்கத்தில் நான் டர்போ போட்ட கார். பானெட் திறந்திருந்தது.

நல்லசிவம் சட்டையில்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் நான் வைத்த சிவப்பு ஃபில்டர். அதோடு வந்த எண்ணெய் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாமிக்கு அபிஷேகம் செய்கிற பக்குவத்தில், ஃபில்டரின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக இல்லை. தாராளமாக.

"அண்ணா!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வாங்க அம்மணி! என்னுங்க இந்நேரத்துல?"

"யாரும் இன்ஜினைத் தொடலைன்னு நாலு தடவை சொன்னீங்களேண்ணா! இது என்னுங்க?"

"தொடலீங்களே" என்றார், நிஜமாகவே புரியாமல். "இது பூஜைதானுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இன்ஜினைத் தொடுவது வேறு, பூஜை வேறு. ரிக் வேலையில் பாறைத் தூசி மாவு மாதிரி பறக்கும். அங்கே ஏர் கிளீனரைக் கழற்றி ஊதி, எண்ணெய் மாற்றாவிட்டால் இன்ஜின் செத்துப்போகும். அந்த வேலையை அமாவாசைப் பூஜையோடு சேர்த்துவிட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் அவர் தன் வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஆனால் இது ரிக் இல்லை. இந்த ஃபில்டருக்குப் பேருக்குத்தான் எண்ணெய். கூடுதலாக ஊற்றினால் டர்போ இழுக்கிற இழுப்பில் அது ஆவியாகப் பைப்புக்குள் போகும். பைப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு சூட்டுக் கம்பி உண்டு. எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பது அதுதான். அதன் மேல் எண்ணெய் படிந்தால் அளவைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். நாலு நாளில் விளக்கு.

இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன் என்று எழுதத்தான் ஆசை. கத்தினேன். பூஜை நாளில், அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கத்தினேன். அவர் முகம் சிறுத்துப்போய்விட்டது.

"என்ற கையால எண்ணெய் வெச்ச ஒரு வண்டியும் இன்னைக்கு வரைக்கும் வழியில நின்னதில்லீங்க அம்மணி" என்றார் மெல்ல.

அப்புறம்தான் எனக்கு நிதானம் வந்தது. "சரிங்கண்ணா. நான் சொல்றதையும் நம்ப வேண்டாம், நீங்க சொல்றதையும் நம்ப வேண்டாம். வண்டியவே கேட்டுருவோம்."

எண்ணெய் சொட்டிய அதே ஃபில்டரைப் பூட்டினேன். லேப்டாப்பை அவர் மடியில் வைத்தேன். ராசிபுரம் ரோட்டில் ஒரே இடத்தில், ஒரே கியரில், ஒரே வேகத்தில் போக வர ஓட்டினேன். காற்றின் அளவைக் காட்டும் எண்ணை மட்டும் அவர் வாசிக்க வேண்டும். முதல் தடவை வாசித்தார். இரண்டாம் தடவை கொஞ்சம் குறைந்தது. ஐந்தாம் தடவை இன்னும் இறங்கியது. ஆறாம் தடவை அவர் லேப்டாப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தார்.

ரோட்டோரம் புளியமரத்தடியில் நிறுத்தி, அந்தக் கம்பியை ஸ்பிரே அடித்துக் கழுவினேன். என் பையில் இருந்த காய்ந்த ஃபில்டரை மாட்டினேன். மறுபடி ஓட்டினேன். எண் முதலில் இருந்த இடத்துக்கே ஏறி நின்றது.

"அட கெரகத்தே!" என்றார் நல்லசிவம். "நானேதானுங்களா?"

"நீங்க பாதி. நான் பாதிங்கண்ணா."

அதுவும் உண்மை. கம்பியைக் கழுவியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறை வண்டி வந்தபோதும், பைப்பைக் கழற்றிய கையோடு நான் அந்தக் கம்பிக்கு ஸ்பிரே அடித்திருக்கிறேன். பழக்க தோஷம். நோட்டில்கூட எழுதவில்லை. விளக்கு அணைந்தது அதனால்தான். கிளாம்ப்பால் இல்லை, சென்சாரால் இல்லை, பம்ப்பாலும் இல்லை. அவர் ஊற்றியதை அவர் வேலையாக நினைக்கவில்லை. நான் கழுவியதை நான் வேலையாக நினைக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து நான்கு மாதம் அந்த வண்டியை அலைக்கழித்திருக்கிறோம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வழியில் போன மொபெட்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பும்போது அவருக்கு ஒரே ஒரு கவலைதான். "எண்ணெய் வெக்காம எப்படிங்க அமாவாசைய விடறது?"

"கதவுக் கீலுக்கு வெய்யுங்கண்ணா. நாலு கதவு இருக்குது, பானெட்டு இருக்குது, டிக்கி இருக்குது. ஆசை தீர வெய்யுங்க. இன்ஜின் பக்கம் மட்டும் பொட்டோட நிறுத்திக்குங்க."

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேலே

ஒரு அமாவாசை போனது. நான்காம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள். விளக்கு வரவில்லை. இரண்டாவது அமாவாசையும் போனது. வரவில்லை. கதவுகள் மட்டும் வெண்ணெய் மாதிரி திறந்தன என்று சரசக்கா போனில் சொன்னார். கெரகம் விலகியதற்குத் தான் நேர்ந்துகொண்டதுதான் காரணம் என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. அமாவாசையைக் கண்டுபிடித்தது அவர்தானே.

ஆனாலும் மலை ஏறாமல் எனக்கு நம்பிக்கை வராது. ஏற்காடு மலைப்பாதை ஏறும்போது டர்போ மூச்சு முட்ட வேலை செய்யும். குறை ஏதாவது மிச்சமிருந்தால் அங்கே வெளியே வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடைக்கு நல்லசிவம் வரச் சொன்னார். போனால், அந்த மூன்று ரிக் முதலாளிகளும் நிற்கிறார்கள், தங்கள் கார்களோடு! நல்லசிவம் தன் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். ஏறிக்கொண்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்தேன். வளைவு முடிந்து அவர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் 'உய்ய்ய்' என்று கம்ப்ரசர் காற்றுப் பிடிக்கிற சத்தம். பன்னிரண்டாவது வளைவில், பின்னால் வந்த மூன்று கார்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. ஏற்காடு ஏரி வந்தது. விளக்கு வரவில்லை.

"ஏய்ய்ய்!" என்று நான் போட்ட கூச்சலில் ஏரிக்கரையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஷெட் இனி எனக்குத்தான். ஜெயித்தவள் கத்தாமல் யார் கத்துவது?

இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டினால், கட்டியவர் பேரை வண்டியிலேயே பெயின்ட்டில் எழுதுவார்கள். நாடு முழுக்க அந்தப் பேர் ஓடும். காருக்கு யாரும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. நல்லசிவத்தின் காரில், பின்கண்ணாடிக்குக் கீழே, மஞ்சளும் சிவப்புமாக லாரி எழுத்தில் எழுதியிருந்தது: 'டர்போ வேலை: பூங்கோதை, ராசிபுரம்.'

"எப்பங்கண்ணா எழுதுனீங்க?" என்று அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

"நேத்துங்க."

"நேத்தா? இன்னிக்கு மலையேறறப்ப லைட்டு எரிஞ்சிருந்தா என்ன பண்ணீருப்பீங்க?"

நல்லசிவம் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "எரிஞ்சா என்னுங்க? அந்தப் பேரு யாருதோ அவியகிட்டத்தான் கொண்டாந்து நிறுத்துவேன்."

மூன்று கார்களும் அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தன. நான் ஏரியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டு, துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.